ஈரம் காயாத மூலை

அந்த வரவேற்பறையில் வினிகர் வாசனை அடித்தது. சமையலறை இருக்கிற எந்த வீட்டிலும் அடிக்கக்கூடிய வாசனைதான். ஆனால் பல் டாக்டர் அதை முகர்ந்ததும் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டார்" என்றார்.

ஒட்டடை தன்னையறியாமல் இரண்டு கால்களையும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான். ஆறடிக்கு மேல் வளர்ந்து, அகலத்தில் வளர மறந்துபோனவன் அவன். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது கிடைத்த பெயர் அது. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டும் குளியலறைக்குத் தடுப்பு வைத்துக்கொண்டும் இருந்தவனைத் துப்பறியும் தொழிலுக்கு இழுத்து வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஊரெல்லாம் மேடம் என்று கூப்பிட்டாலும் அவனுக்கு மட்டும் பாஸ்.

"யார் வந்துட்டார்?" என்று பாஸ் கேட்டார், வாசலில் விருந்தாளியா என்று விசாரிக்கிற குரலில்.

"என் வீட்டுக்காரர்."

டாக்டரின் வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதமாகிறது. துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. அவரே ஒரு திங்கட்கிழமை காலையில் அலைத்தடுப்புச் சுவரின் பாறைகளுக்கு நடுவே பிணமாகக் கிடந்தார். சனிக்கிழமை சாயங்காலமே உயிர் போயிருக்கும் என்று போலீஸ் சொன்னது. காற்றும் மழையுமாக இருந்த நாள். பார்த்தவர் யாரும் இல்லை. அவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்த மனிதர் எப்படி மூழ்குவார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தானே குதித்திருப்பாரோ என்பதை வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

"நான் சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "அவர் போனதுக்கு முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. உங்களுக்கு இந்த வீட்டுல மீன் மட்டும்தான் குடும்பம், நானும் பொண்ணும் சும்மா வாடகைக்கு இருக்கோம்னு கத்தினேன். மறுநாள் காலையில மாநாட்டுக்குக் கிளம்பினப்ப போய்ட்டு வரேன்னுகூடச் சொல்லல."

அவர் பார்வை சுவரோரம் போனது. ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி. நீல வெளிச்சம். உள்ளே பவளத்துண்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு மஞ்சள் மீன், யாரையோ தேடுகிற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

"பதினோரு மீன் இருந்துச்சு. இப்ப ஒண்ணு. ஒவ்வொண்ணா கூப்பிட்டுக்கிறார்."

ஒட்டடைக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. பயம் வந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "பேய்க்குக் கால் கிடையாதுன்னுதான் சொல்வாங்க. மூக்கும் வாயும் உண்டா, பாஸ்?"

"உனக்கு ரெண்டாவது வேண்டாம்" என்றார் பாஸ். "நீங்க சொல்லுங்க டாக்டர். இந்த வாசனை?"

தொட்டி ஒட்டும் நாட்களில் கணவர் மேல் அடிக்கும் வாசனை அது என்றார் டாக்டர். சிலிகான் பசை. குளித்துவிட்டு வந்தாலும் விரல்களில் இருக்கும். இரண்டு மாதமாக அது திரும்ப அடிக்கிறது, இன்று மாதிரி கிளினிக்கிலிருந்து வரும்போது மட்டும். அப்படி அடிக்கிற நாளில் தொட்டிக்குக் கீழே தரை ஈரமாக இருக்கும். காய்ந்தால் வெள்ளையாக உப்புத் தடம், தொட்டியிலிருந்து மாடிப்படி வரைக்கும்.

"கடல்ல இருந்து எழுந்து நடந்து வந்த மாதிரி. துடைச்சுடுவேன். மறுபடியும் வரும். என் கொழுந்தன் நான் மனநல டாக்டரைப் பார்க்கணும்ங்கிறார். அதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்துடலாம்னு நினைச்சேன். அவர் வர்றாரா, இல்ல யாராவது விளையாடறாங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. நான் ராத்திரி தூங்கணும்."

"வீட்டுல வேற யாரு?"

"பொண்ணுதான். வெளியூர்ல பல் மருத்துவம் படிக்கிறா. அப்பா போனதுல இருந்து லீவு. மாடியை விட்டு இறங்கறதே இல்ல, பாவம். அவளுக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம்."

பாஸ் எழுந்தார். தொட்டிக்குக் கீழே மர அலமாரி. "இதுக்குள்ள என்ன?"

"சம்ப்."

"சம்ப்பா?" என்றான் ஒட்டடை. "எங்க வீட்டுச் சம்ப்புல லாரித் தண்ணி நிரப்புவோம். எருமையே நீந்தலாம். இது அலமாரிக்குள்ள அடங்குதே."

அலமாரியைத் திறந்தான். உள்ளே இன்னொரு கண்ணாடித் தொட்டி, நடுவில் தடுப்புகளோடு. மேலே இருந்து வழிகிற தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து, தடுப்புத் தடுப்பாகச் சுத்தமாகி, மறுகோடியில் இருக்கும் பம்பு வழியாகத் திரும்ப மேலே ஏறுகிறது. அவ்வளவுதான் சம்ப். முன்பக்கத்து அடி மூலையில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது.

மூலையைப் பார்த்ததும் ஒட்டடையின் பயம் ஓடிப்போனது. அது அவனுடைய பழைய உலகம். சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே கையை விட்டான்.

"பாஸ், வெள்ளை சிலிகான். அதுவும் தடவுன மாதிரியா இருக்கு? கேக்குக்கு க்ரீம் வெச்ச மாதிரி அப்பியிருக்கு. உள்ளேயும் வெளியேயும்." நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி இழுத்தான். பட்டை முழுசாக உரிந்து வந்தது. அடியில் இன்னொரு வெள்ளைப் பட்டை. அதுவும் வந்தது. "வெயில்ல போய்ட்டு வந்தா தோல் உரியுமே, அப்படி. பழைய சிலிகான் மேல புதுசு பிடிக்காது. எத்தனை தடவை போட்டாலும் இப்படித்தான் கழண்டு வரும். கத்தியால பழசைச் சுத்தமா சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும். இது தெரியாத யாரோ திரும்பத் திரும்பப் போட்டிருக்காங்க."

"வாசனை?"

"புது சிலிகான் காயற வரைக்கும் வினிகர் வாசனைதான் அடிக்கும்." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே புரிந்தது. கையிலிருந்த வெள்ளைப் பட்டையை மூக்கருகே கொண்டுபோனான். "இது இன்னிக்குப் போட்டது. பேய் கடைக்குப் போய் டியூப் வாங்குமா, டாக்டர்?"

டாக்டரின் முகத்தில் நிம்மதி வரவில்லை என்பதை ஒட்டடை கவனித்தான். ஏதோ ஒன்றைப் பறிகொடுத்தவர் மாதிரி இருந்தார்.

"வெள்ளைக்கு அடியில என்ன?" என்றார் பாஸ்.

ஒட்டடை டார்ச் அடித்தான். அடியில் தெளிந்த சிலிகான், கோடு போட்ட மாதிரி. ஒரே அளவு, ஒரே வளைவு. அந்தக் கை யாருடையது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு மூலையில் மட்டும் பால் கலந்த மாதிரி மங்கி, உள்ளே சின்னச் சின்னக் குமிழிகளோடு, கண்ணாடியை விட்டு விலகி நின்றது.

"இவ்வளவு அழகாப் போட்டவர் இந்த மூலையில கோட்டை விட்டிருக்க மாட்டார்" என்றான் மெதுவாக. "இது ஒட்டாமப் போனது இல்ல பாஸ். காயறதுக்குள்ள தண்ணி விட்டிருக்காங்க."

பாஸ் குனிந்து அலமாரியின் கோடியிலிருந்து எதையோ எடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஏர் மோட்டார், மீன் தொட்டிக்குக் குமிழி விடுவது. கருகியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்.

"டாக்டர், மாநாட்டுல இருந்து நீங்க எப்ப வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. உள்ளே வந்ததும் தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சு. அவர் டூட்டிக்குப் போயிருக்கார்னு நினைச்சுப் படுத்துட்டேன்."

"அப்ப சம்ப் நிரம்பி ஓடிட்டு இருந்துச்சு."

"எப்பவும் போல."

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் உள்ளே வந்தார். டாக்டரின் கொழுந்தன்.

"அண்ணி, இந்தச் சனியனை இன்னுமா தூக்கிப் போடல?" என்றவர், புதியவர்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்கதான் டிடெக்டிவா? நல்லது. அண்ணிக்கு எடுத்துச் சொல்லுங்க. நானும் ஒரு தடவை இந்தச் சத்தத்தைக் கேட்டு ஏமாந்தவன்தான்."

"எப்ப?" என்றார் பாஸ்.

கொழுந்தன் மழைக்கோட்டைக் கழற்றாமலே நின்றார். "அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணனைப் பார்க்க வந்தேன். அப்ப என்கிட்ட சாவி கிடையாது. மணி அடிச்சேன், கதவைத் தட்டினேன். யாரும் திறக்கல. ஆனா உள்ளே தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு. வாளி வைக்கிற சத்தம்கூட. அண்ணன் வேணும்னே திறக்கலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டேன்." வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அண்ணன் செத்து ஒரு நாள் ஆயிருக்கு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அண்ணி இன்னும் பயந்துடுவாங்க."

டாக்டர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஒட்டடையின் கால்கள் மறுபடியும் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தன.

பாஸ் மட்டும் வானிலை கேட்கிற மாதிரி கேட்டார். "சார், இந்தச் சம்ப் காலியா இருந்தா நீங்க எப்படி நிரப்புவீங்க?"

"இதுல என்ன இருக்கு? குழாய்ல ஹோஸ் பைப்பை மாட்டி விட்டா அஞ்சு நிமிஷம்."

"சரி" என்றார் பாஸ். "டாக்டர், நீங்க கிளினிக்குக் கிளம்புங்க. ஆறு மணிக்கு வந்துடுங்க. பதிலோட இருப்பேன்."

*

பைலட் வாடிக்கையாக வாங்கும் மீன் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் தொட்டிகள். நூறு மோட்டார்கள் ஒன்றாக முனகிக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஒட்டடை நீட்டிய வெள்ளைப் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உடனே கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் கடைச் சரக்கு இல்ல. குளியலறைக்குப் போடறது. பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து கலந்திருப்பாங்க. பூஞ்சைக்கு விஷம்னா மீனுக்கு மட்டும் பாயசமா? இதைப் போட்ட தொட்டியில ஒண்ணொண்ணாச் சாகும்."

"ஒவ்வொண்ணா கூப்பிட்டுக்கிறார்" என்று ஒட்டடை முணுமுணுத்தான். டாக்டர் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. இப்போது பட்டையைத் தொட்ட விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பைலட் சார் கடைசியா எப்ப வந்தார்?" என்றார் பாஸ்.

"அந்தச் சனிக்கிழமைதான். கடை திறந்த கையோட வந்தார். சிலிகான் ஒரு டியூப் வாங்கினார். சம்ப் கசியுது, பழசை மொத்தமா சுரண்டிட்டுப் புதுசு போடப் போறேன்னார். கிளம்பறப்ப இதைப் பார்த்தார்." ஓரத்திலிருந்த சிறிய தொட்டியைக் காட்டினார். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட இரண்டு இறால்கள், நீண்ட வெள்ளை மீசையோடு, பாறை இடுக்கில் நின்றுகொண்டிருந்தன. "அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன், யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னார். இன்னும் வெச்சிருக்கேன். நிறையப் பேர் கேட்டாங்க. கொடுக்க மனசு வரல."

"ஏன் அடுத்த சனிக்கிழமை? அன்னிக்கே எடுத்துட்டுப் போயிருக்கலாமே."

"சிலிகான் காயணுமேம்மா. தொட்டுப் பார்த்தா மறுநாளே காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே பச்சையா இருக்கும். ஒரு வாரம் தண்ணி காட்டக் கூடாது. அவர் அதுல ரொம்பக் கறார். பத்து நாள்கூட விடுவார்."

"அதுவரைக்கும் மீன்?"

"ஒரு சின்ன ஏர் மோட்டாரைப் போட்டு வெச்சா மேல் தொட்டி தாக்குப் பிடிக்கும். மோட்டார் நின்னுதுன்னா வம்பு. எல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துட்டு நிக்கும்."

வெளியே மழை வலுத்திருந்தது. கடையின் முகப்பில் ஒதுங்கி நின்றார்கள்.

"சாகப் போறவர் இறாலுக்குச் சொல்லி வைக்க மாட்டார்" என்றான் ஒட்டடை. "ஒரு வாரம் காயணும்னு சம்ப்பை வேற கழட்டிப் போட்டிருக்கார். பாஸ், அவர் தானா குதிக்கல. இதை மட்டும் சொன்னாலே டாக்டர் தூங்கிடுவாங்க. வாங்க, போய்ச் சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்."

"தூங்க மாட்டாங்க. அப்படின்னா எப்படிச் செத்தார்னு கேட்பாங்க." பாஸ் மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சனிக்கிழமை பகல்ல அவர் ஒட்டினார். சாயங்காலம் செத்தார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் யாரோ வாளி வாளியா ஊத்தி நிரப்பியிருக்காங்க. ஏன்?"

"ஏர் மோட்டார் கருகிப் போச்சு. மீன் தவிச்சிருக்கும்."

"சரி. அவர் திரும்பி வருவார்னு நினைக்கிற ஆள் என்ன பண்ணுவாங்க?"

"போன் பண்ணி, சார், மோட்டார் போச்சு, சீக்கிரம் வாங்கம்பாங்க." ஒட்டடை நிறுத்தினான். மழைச்சாரல் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது, நகரத் தோன்றவில்லை. "பாஸ். திரும்பி வர மாட்டார்னு தெரிஞ்சவங்கதான் தானே நிரப்புவாங்க."

"ஞாயித்துக்கிழமை அவர் செத்தது யாருக்கும் தெரியாது. ஒரே ஒருத்தரைத் தவிர."

"கொழுந்தன். அன்னிக்கு வந்தேன்னு அவர் வாயாலயே சொன்னார். வெளியே நின்னேன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் உள்ளே இருந்தவங்கதான்."

"அவர் நிரப்பியிருந்தா ஹோஸ் பைப். குழாய்த் தண்ணி. கடல்மீன் அத்தனையும் அன்னிக்கே போயிருக்கும். போகல. உப்புக் கலந்து, அளவு பார்த்து ஊத்தியிருக்காங்க."

"அப்ப மீன் கடைக்காரர்."

"அவரா பச்சை சிலிகான்ல தண்ணி விடுவார்?" பாஸ் குடையை விரித்தார். "உப்பு தெரியும், சிலிகான் தெரியாது. குளியலறை டியூப் வாங்குவாங்க, பழசு மேலயே பூசுவாங்க, பூசினது நிக்கலைன்னு மறுபடியும் பூசுவாங்க. ஈரக் காலோட மாடிப்படி ஏறுவாங்க."

வழி முழுக்க ஒரு ஜோக்கும் ஒட்டடைக்கு வரவில்லை.

*

கதவைத் திறந்தது மகள். இருபது இருபத்தொன்று இருக்கும். அப்பாவுடையதாக இருக்க வேண்டும், ஒரு பழைய தொளதொளத்த சட்டை போட்டிருந்தாள். அம்மா இன்னும் வரவில்லை என்றாள். உட்காரச் சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

அறையில் யாரும் விளக்குப் போடவில்லை. தொட்டியின் நீலம் கூரையில் அலை அலையாக அசைந்தது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது ஒட்டடைக்கு.

"இந்தத் தண்ணியில உப்பு சரியா இருக்காம்மா?" என்று பாஸ் தொட்டியைப் பார்த்தபடி கேட்டார்.

அவள் நின்றாள். "இருக்கு. காலையில பார்த்தேன்."

"எப்படிக் கலக்கணும்னு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"அப்பாதான். சின்ன வயசுல இருந்து வாளி கலக்கறது என் வேலை. ஒட்டறதுக்கு மட்டும் பக்கத்துல விட மாட்டார். அந்த நெடி எனக்கு ஆகாதுன்னு."

பாஸ் தலையாட்டினார். அவர் குரல் இன்னும் இறங்கியது. "பாவம் இந்த மீனுங்க. அப்பா போன அன்னிக்கு, அந்தச் சனிக்கிழமை, ஏர் மோட்டார் நின்னுபோய் எல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துட்டு நின்னிருக்கும் இல்ல?"

"சனிக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையிலதான் எல்லாம் மேல..."

சொல் அங்கேயே நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இந்த ஊரிலேயே இருந்திருக்கக் கூடாது. திங்கட்கிழமை அம்மா போன் செய்த பிறகுதான் விடுதியிலிருந்து கிளம்பி வந்தாள். அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஒட்டடை தரையைப் பார்த்தான். இந்தத் தொழிலில் அவனுக்குப் பிடித்த கணம் இதுதான், எதிராளியின் நாக்கு தானே தடுக்கி விழுகிற கணம். இன்று பிடிக்கவில்லை.

அவள் தொட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாஸ் சோபாவிலிருந்து இறங்கி அவளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நான் காலேஜை விட்டு நின்னு நாலு மாசம் ஆயிருந்துச்சு, விடுதியில மட்டும் தங்கியிருந்தேன்" என்றாள். "அம்மாவுக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். அம்மா ஊர்ல இல்லாத அன்னிக்கு வா, பேசலாம்னார். சனிக்கிழமை மத்தியானம் வந்தேன். அப்பத்தான் சம்ப் ஒட்டி முடிச்சிருந்தார். வீடு முழுக்க நெடி. வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்னு அலைத்தடுப்புச் சுவருக்குக் கூட்டிட்டுப் போனார். காத்து ஆளைத் தள்ளுச்சு. யாருமே இல்ல."

சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னார். உங்களுக்கு எதுக்கு, ஏற்கனவே உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு நான் கத்தினேன். கோவத்துல பாறைக்கு இறங்கிட்டேன். அவர் கூப்பிட்டார். நான் திரும்பல. அலை வந்ததே தெரியல."

"அவர் உனக்காகக் குதிச்சார்" என்றார் பாஸ்.

"பைலட்டுங்க கயித்தேணியில ஏறுவாங்க இல்ல, ஓடற கப்பல்ல? அந்த மாதிரி என்னை அவர் தோள் மேல ஏத்தினார். பாறையைப் பிடிச்சேன். கீழ இருந்து ஏறு, ஏறுன்னு சொல்லிட்டே இருந்தார். ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். தண்ணிதான் இருந்துச்சு."

ஒட்டடை பம்பின் சத்தத்தைக் கேட்டான். அவள் பம்பு இருந்த அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் அதைத்தான் சொல்லுது. ஏறு, ஏறுன்னு. மாடியில கதவைச் சாத்தினாலும் கேட்குது."

"யாரையும் கூப்பிடலையா?" ஒட்டடையால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போன் கடல்ல போயிடுச்சு. தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் காத்துல எனக்கே கேட்கல. இருட்டற வரைக்கும் அங்கேயே இருந்தேன், வந்துடுவார்னு. அவருக்கு நீந்தத் தெரியுமே. அப்புறம் வீட்டுக்கு வந்தேன், ஒருவேளை வேற பக்கம் கரையேறி வந்திருப்பாரோன்னு. வரல. காலையில பார்த்தா மீனெல்லாம் மேல வந்து துடிக்குது. அதுங்களையாவது காப்பாத்தணும்னு நினைச்சேன். வேற எதுவும் தோணல. சித்தப்பா கதவைத் தட்டினப்ப வாளியோட அப்படியே நின்னேன். திறந்திருக்கணும். திறந்தா என்ன சொல்றதுன்னு தெரியல. நிரப்பி முடிச்சதும் விடுதிக்கு பஸ் ஏறிட்டேன். மறுநாள் ரூம்மேட் போன்லதான் அம்மா என்னைப் பிடிச்சாங்க."

"அப்புறம் கசிய ஆரம்பிச்சது."

"ஒவ்வொரு தடவை தரை ஈரமாகறப்பவும் அம்மா அப்பா பேரைச் சொல்லி அழுதாங்க. அப்பா ஒட்டினதை நான்தான் கெடுத்தேன்னு எனக்குத் தெரியும். எப்படியாவது அடைச்சுட்டா அம்மா அழுகையை நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன். அடைக்க அடைக்க மீனும் சாக ஆரம்பிச்சது. ஏன்னே புரியல."

ஒட்டடைக்குக் காரணம் தெரியும். வெள்ளைப் பட்டை இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான்.

"சொல்லியிருந்தா அம்மா கோவப்படுவாங்கன்னு பயமா?" என்றார் பாஸ்.

"கோவம் பரவாயில்ல. நான் சொல்லிக்கறேன்னு அப்பா சொன்னாரே. அவர் சொல்றதுக்குள்ள நான் எப்படிச் சொல்றது?" அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "தினமும் சொல்லணும்னுதான் படி இறங்குவேன். பாதியில நின்னுடும்."

"உங்க அம்மா ஏழு மாசமா என்ன நினைச்சுட்டு இருக்காங்கன்னு தெரியுமா? தான் திட்டினதால அவர் போய்க் கடல்ல விழுந்துட்டார்னு."

மகள் தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு அது தெரியவே தெரியாது என்பது அந்த முகத்தில் இருந்தது. "இல்லையே" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி. "சுவருக்குப் போற வழியெல்லாம் அம்மாவைப் பத்தித்தான் பேசிட்டு வந்தார். மாநாட்டுக்குக் கிளம்பறப்பகூட முகத்தைத் தூக்கி வெச்சுட்டுப் போறா, ராத்திரி நான்தான் முதல்ல போன் பண்ணணும் போலன்னு சிரிச்சார்."

வாசலில் ஏதோ விழுந்த சத்தம். ஒட்டடை திடுக்கிட்டுத் திரும்பினான்.

டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கைப்பை தரையில் கிடந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் சிறு வட்டமாகத் தேங்கியிருந்தது.

மகள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அம்மா, நான்..." என்றாள்.

பாஸ் ஒட்டடையின் முழங்கையைத் தொட்டார். இருவரும் சத்தமில்லாமல் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். பதில் வேண்டும் என்று கேட்டவர் டாக்டர். பதில் கிடைத்துவிட்டது. இனி அந்த அறையில் துப்பறிகிறவர்களுக்கு வேலை இல்லை.

டாக்டர் மெதுவாக நடந்து வந்தார். மகளுக்கு முன்னால் மண்டியிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தான் ஒட்டடை, அல்லது கட்டிப்பிடித்து அழப் போகிறார் என்று. அவர் இரண்டும் செய்யவில்லை. நீல வெளிச்சத்தில் மகளின் முகத்தை, தோளை, கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அந்தப் பாறையில ஏறினப்ப" என்றார், "உனக்கு எங்கடா அடிபட்டுச்சு?"

மகள் குனிந்து, பேன்ட்டின் ஒரு காலை முழங்காலுக்கு மேல் உயர்த்தினாள். கெண்டைக்கால் நெடுக, தையல் போடாமல் தானாக ஆறிய ஒரு நீண்ட வடு, கரடுமுரடாக மேடு தட்டியிருந்தது. டாக்டர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

ஒட்டடை வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.